நிகழ்வு ஆய்வு: ‘அக்சஸ் டினைட்’ என்று நின்ற ஒரு ஹாட் டிஸ்க்கும் அதிலிருந்த குடும்பப் படங்களும்

சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர்களும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களும் விடப்பட்டிருக்கின்றன. வீட்டுக் கணினியில் ‘அனுமதி இல்லை’ என்று வரும் செய்தியைப் பார்த்ததும் கைக்கு வந்த பட்டனை அமத்துவது எங்கட பக்கம் எல்லா இடத்திலும் நடக்கிறது, அதனால் போன கோப்புகளையும் பார்த்திருக்கிறேன். இந்த முறை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் விபரமாக எழுதுகிறேன்.

பின்னணி

பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியில், விசுவமடுப் பக்கம் ஒரு வீடு. தாய், உயர்தரம் படிக்கும் மகள், கட்டாரில் வேலை செய்யும் மகன். தகப்பன் உயிரோடு இல்லை. தாய் ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர், கூட்ட அறிக்கை, கடிதம் எல்லாம் மகள்தான் தட்டிக் கொடுப்பார்.

2009 இல் செட்டிகுளம் முகாம்களுக்குப் போய்த் திரும்பிய பெரும்பாலான குடும்பங்களைப் போல இவர்களிடமும் பழைய அல்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. மீள்குடியேறிய பிறகு, யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டிலும் இருந்த சொந்தக்காரரிடம் இருந்த கலியாணப் படங்கள், பிறந்தநாள் படங்கள், கோயில் திருவிழாப் படங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, கொமினிகேசன் கடையில் ஸ்கேன் பண்ணி, வீட்டு டெஸ்க்டொப்பில் சேர்த்து வைத்திருந்தார்கள். தகப்பனின் முகம் தெளிவாகத் தெரிகிற படங்கள் அதில்தான் இருந்தன. மரணச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், பிறப்புப் பதிவுகள் என்பவற்றின் ஸ்கேன் பிரதிகளும் அதே இடத்தில். வேறெங்கும் இன்னொரு படி இல்லை.

கணினி மகனுக்காக வாங்கியது. விண்டோஸ் 7 புரொபெஷனல், 500 ஜிபி ஹாட் டிஸ்க். இரண்டு பயனர் கணக்குகள்: மகனுடையதுக்கு பாஸ்வேர்ட் உண்டு, மகளுடையதுக்கு இல்லை. மகன் வெளிநாடு போன பிறகும் அவருடைய கணக்கு அப்படியே இருந்தது, படங்களும் அவருடைய ‘மை டொகியூமென்ட்ஸ்’ போல்டருக்குள்ளேயே இருந்தன. வீட்டில் யாராவது படம் பார்க்க வேண்டுமென்றால் மகள் தன் கணக்கிலிருந்து போய்ப் பார்ப்பார். அவருடையதும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு என்பதால் ஒருநாளும் பெரிய தடை வரவில்லை.

ஒக்டோபர் கடைசியில், மாரி தொடங்கும் முன் வருகிற இடி மின்னலில் கணினி போனது. மகள் அந்த நேரம் சங்கத்தின் கடிதம் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மதர்போர்டும் பவர் சப்ளையும் கருகி மணந்தன. ஹாட் டிஸ்க் தப்பியிருந்தது, ஆனால் அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

என்னிடம் வருவதற்கு முன் நடந்தவை

வவுனியாவில் பாவித்த லப்டொப் ஒன்று வாங்கினார்கள், விண்டோஸ் 10 புரோ போட்டது. பழைய ஹாட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியொன்றில் போட்டு லப்டொப்பில் குத்தியபோது டிரைவ் தெரிந்தது. மகனின் போல்டரைத் திறக்கப் போனால் ‘இந்தப் போல்டருக்கு இப்போது உங்களுக்கு அனுமதி இல்லை, நிரந்தர அனுமதி பெற கன்டினியூ அமத்துங்கள்’ என்ற பொருளில் ஒரு பெட்டி வந்தது. மகள் அமத்தினார். பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்தது. நெடுநேரம் அசையாததைப் பார்த்து, தொங்கிவிட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் தாய்மாமனின் மகன் வந்து பார்த்திருக்கிறார். கணினியில் ஆர்வமுள்ள பிள்ளை, உதவ வேண்டும் என்றுதான் செய்தார். ஒரு வீடியோவைப் பார்த்து, செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், போல்டரின் உரிமையாளராக லப்டொப் கணக்கை மாற்றி, ‘எவ்ரிவன்’ என்ற பெயரைச் சேர்த்து, முழு அனுமதிக்கு நேரே டிக் போட்டார். அங்கே இரண்டு நிரல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்று அனுமதி, மற்றது மறுப்பு. டிக் விழுந்தது மறுப்பு நிரலில். ‘மறுப்புப் பதிவு அனுமதிப் பதிவை மீறும், தொடரவா?’ என்று விண்டோஸ் கேட்டதற்கும் ‘யெஸ்’ கொடுத்திருக்கிறார். அதுவும் முடிய நேரம் எடுத்தது, இடையில் கறண்ட் வேறு போனது.

அதற்குப் பிறகு ஒன்றும் திறக்கவில்லை. ஒரு கடையில் காட்டியபோது, ஹாட் டிஸ்க் பழுது, டேட்டா எடுக்கக் கொழும்புக்கு அனுப்ப வேணும் என்றார்களாம். இன்னொருவர் பழைய விண்டோஸின் பாஸ்வேர்டை யுஎஸ்பியிலிருந்து ஏற்றும் ஒரு கருவியால் அழித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். தாய் இரண்டுக்கும் சம்மதிக்காமல் எனக்குச் சொல்லி அனுப்பினார். “தம்பி, படங்களை மட்டும் எடுத்துத் தந்தாப் போதும். கொம்பியூட்டர் போனாப் போகட்டும்” என்று சொன்னது நினைவிருக்கிறது. இந்த ஒரு வரியால் எது முக்கியம், எது முக்கியமில்லை என்பது முதலே தீர்ந்துவிட்டது.

பார்த்தபோது இருந்த நிலை

டிஸ்க்கில் உடல்ரீதியான பழுது எதுவும் தெரியவில்லை. டிக் டிக் சத்தம் இல்லை, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையில் மோசமான செக்டர் (தரவு எழுதப்படும் சின்னத் துண்டு) எதுவும் காட்டவில்லை. ஆகவே கடையில் சொன்னது சரியில்லை, பிரச்சினை முழுக்க அனுமதி சம்பந்தமானது என்று எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

இங்கே விண்டோஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் பலர் இதைப் பாஸ்வேர்ட் பிரச்சினை என்றே நினைக்கிறார்கள். விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு போல்டருக்கும் ஒரு உரிமையாளரும் ஒரு அனுமதிப் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலில் உண்மையில் எழுதப்படுவது ஆளின் பெயர் இல்லை, எஸ்ஐடி எனப்படும் நீண்ட இலக்கம். எஸ்-1-5-21 என்று தொடங்கி, அந்தக் கணினிக்கே உரிய எண்கள் வந்து, கடைசியில் கணக்கின் எண் வரும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் பிரதேச செயலகத்தில் அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத்தானே காணியைப் பதிவார்கள், அதே மாதிரித்தான். லப்டொப்பில் மகனின் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் பழைய டிஸ்க் அவரை வேறு ஆளாகவே பார்க்கும். அட்வான்ஸ்ட் பக்கத்தில் பார்த்தபோது சில போல்டர்களில் ‘தெரியாத கணக்கு’ என்று 1000 இல் முடியும் ஒரு எஸ்ஐடி நின்றது. அதுதான் மகன்.

‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்ற குழுவின் எஸ்ஐடி மட்டும் எல்லா விண்டோஸிலும் ஒன்று. எஸ்-1-5-32-544. அந்தக் குழுவுக்கு மகனின் போல்டரில் முழு அனுமதி உண்டு, லப்டொப் கணக்கும் அட்மின். அப்படியென்றால் முதல் நாளே ஏன் தடுத்தது? விண்டோஸ் விஸ்டாவில் தொடங்கிய யுஏசி என்ற பாதுகாப்பு முறையில், அட்மின் கணக்கில் நுழைந்தாலும் சாதாரணமாகத் திறக்கும் ஜன்னல்கள் அட்மின் அதிகாரம் கழற்றப்பட்ட நிலையிலேயே ஓடும். அதனால்தான் அந்த ‘கன்டினியூ’ பெட்டி வருகிறது. அதை அமத்தினால் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த ஒரு கிளிக், போல்டரின் பட்டியலில் உங்கள் கணக்கை நிரந்தரமாக எழுதுகிறது, கீழே உள்ள ஆயிரக்கணக்கான கோப்புகளிலும் எழுதுகிறது. நேரம் எடுத்தது அதற்குத்தான். இடையில் பிடுங்கியதால் பாதி மாறியும் பாதி மாறாமலும் நின்றது.

அதற்கு மேல் மறுப்புப் பதிவு. எவ்ரிவன் என்றால் எல்லோரும்: அட்மின், விண்டோஸின் சிஸ்டம் கணக்கு, மகன், எல்லோரும் அதற்குள் வருவார்கள். பட்டியலைப் படிக்கும் வரிசை இப்படி: அந்தப் போல்டரிலேயே நேரடியாக எழுதிய மறுப்பு முதலில், பிறகு நேரடியாக எழுதிய அனுமதி, பிறகு மேலிருந்து இறங்கி வந்த மறுப்பு, கடைசியில் மேலிருந்து வந்த அனுமதி. இதனால் ஒரு விசித்திரமும் இருந்தது. முகவரிப் பட்டையில் முழுப் பாதையையும் தட்டியபோது படங்கள் இருந்த ஒரு போல்டர் மட்டும் திறந்தது. விசாரித்ததில், மகன் முன்பு அதை நண்பனின் கணினியோடு பகிர்வதற்காக ‘ஷெயார்’ பண்ணியிருக்கிறார். அப்போது அந்தப் போல்டரில் நேரடி அனுமதி ஒன்று எழுதப்பட்டிருந்தது, அது மேலிருந்து வந்த மறுப்பை முந்திக்கொண்டது. இதைப் பார்த்த மகள் “அண்ணா, அப்ப மற்றதும் திறக்கும்தானே?” என்று கேட்டார். திறக்கும் என்று அந்த நேரம் நான் வாக்குக் கொடுக்கவில்லை, என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாமல் தாயிடம் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

முதல் தீர்மானம்: ஒன்றையும் திருத்தாமல் முழுப் படி எடுப்பது

மறுப்புப் பதிவை நீக்குவது கஷ்டமான வேலை இல்லை. ஒரு போல்டரின் உரிமையாளருக்கு, பட்டியல் என்ன சொன்னாலும், அந்தப் பட்டியலை மாற்றும் உரிமை எப்போதும் உண்டு. மாமாவின் மகன் உரிமையாளரை மாற்றி வைத்திருந்ததால் அந்த வழி திறந்தே கிடந்தது. ஆனாலும் அந்த டிஸ்க்கில் அதைச் செய்ய மறுத்தேன். உலகத்தில் இருப்பது அந்த ஒரே படி. ஏற்கனவே இரண்டு முறை பாதியில் அறுந்த எழுத்து வேலை அதில் நடந்திருக்கிறது. மூன்றாவது முறையும் எழுதி, அதுவும் கறண்ட் நின்று போகிற மாதத்தில் எழுதி, ஏதாவது ஆனால் திரும்ப வழியில்லை.

எனவே யுஎஸ்பியிலிருந்து லினக்ஸை ஏற்றி, டிடி ரெஸ்கியூ என்ற கருவியால் டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை ஒரு புதிய 1 டிபி வெளி டிஸ்க்குக்குள் உருவப்பிரதி எடுத்தேன். இந்த முறை செக்டர்களை அப்படியே வாசிக்கும், அனுமதிப் பட்டியல் எதையும் கேட்காது. பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதப்படாது. லப்டொப்பின் பற்றரி ஓரளவு தாங்கும் என்றாலும், வெளி டிஸ்க்குக்கும் சேர்த்து யுபிஎஸ் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துத்தான் தொடங்கினேன். வாசிக்க முடியாத செக்டர் ஒன்றும் வரவில்லை.

அந்த உருவப்பிரதியை என்னிடம் சும்மா கிடந்த இன்னொரு டிஸ்க்கில் இறக்கினேன். இதன் பிறகு செய்த எல்லாம் இந்த நகலில்தான். மூல டிஸ்க்கைக் கழற்றி, பொலித்தீன் சுற்றி, தாயின் அலுமாரியில் வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது தீர்மானம்: அனுமதியைச் சரிசெய்யாமல் சுற்றிப் போவது

எங்களுக்குத் தேவை பழைய போல்டரின் அனுமதி இல்லை, அதற்குள் இருப்பதன் படி. ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்குப் படி எடுக்கும்போது, புதிய கோப்பு போய்ச் சேருகிற இடத்தின் அனுமதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே பழைய குழப்பம் கூடவே வராது. (ஒரே டிரைவுக்குள் இடம் மாற்றினால் மட்டும் பழைய பட்டியலும் சேர்ந்து போகும், கட் பண்ணிப் பேஸ்ட் பண்ணுகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.)

இதை லினக்ஸிலிருந்தே முடித்திருக்கலாம். ஆனால் மகள் திரும்பத் தானாகச் செய்யக்கூடிய வழியாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன், அதனால் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகொப்பி கட்டளையைப் பாவித்தோம். கட்டளை ஜன்னலை வலது கிளிக் செய்து அட்மின் அதிகாரத்தோடு திறந்து, ‘பி’ என்ற தெரிவைச் சேர்த்தால் அது பேக்கப் முறையில் ஓடும். அந்த முறையில் அட்மினுக்குள்ள பேக்கப் உரிமையால் அனுமதிப் பட்டியலைத் தாண்டி வாசிக்கலாம், மறுப்புப் பதிவும் தடுக்காது, பழைய டிஸ்க்கில் எதுவும் மாறாது. பலருக்கு இது தெரியாது. எல்லாரும் உரிமையாளரை மாற்றும் ‘டேக்ஓன்’ கட்டளைக்கே ஓடுகிறார்கள்.

கூடவே இரண்டு தெரிவுகள் அவசியம். ரோபோகொப்பி ஒரு கோப்பில் தோற்றால் இயல்பாகப் பத்து லட்சம் தடவை, ஒவ்வொரு தடவைக்கும் 30 செக்கன் காத்திருந்து, திரும்ப முயலும். அதை ஒரு தடவை, ஒரு செக்கன் என்று குறைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் தடையிலேயே ஆயுள் முழுக்க நிற்கும். மற்றது ‘எக்ஸ்ஜே’, வழிகாட்டிப் போல்டர்களைத் தவிர்க்கச் சொல்லும் தெரிவு. பயனர் போல்டருக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’ மாதிரிச் சில இருக்கும், அவை உண்மையான போல்டர்கள் இல்லை, பழைய மென்பொருள்களுக்காக வைத்த வழிகாட்டிகள். அவற்றைப் பின்தொடர்ந்தால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கே வரும். அவற்றைக் கிளிக் பண்ணினாலும் ‘அக்சஸ் டினைட்’ வரும், அது பிழை இல்லை, விண்டோஸ் வேண்டுமென்றே வைத்தது. அதைச் ‘சரிசெய்ய’ப் போய் நல்ல கணினியைக் குழப்பியவர்களும் உண்டு.

அன்றிரவே பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன. தாய் லப்டொப்புக்கு முன்னால் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் அவரை அவசரப்படுத்தவில்லை.

திறக்காமல் நின்ற போல்டர்

கட்டளை எழுதிய பதிவேட்டைப் படித்தபோது, தோற்றவை எல்லாம் ஒரே போல்டருக்குள் இருந்தன. ‘முக்கியம்’ என்று பெயர். எல்லாவற்றுக்கும் பிழை எண் 5, அதாவது அனுமதி மறுப்பு. பேக்கப் முறையிலும் 5 வருகிறதென்றால் காரணம் அனுமதிப் பட்டியல் இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க லினக்ஸில் அந்த நகலைத் திறந்தேன். மற்ற எல்லாம் திறந்தன, ‘முக்கியம்’ உள்ளே உள்ளவை மட்டும் அங்கேயும் திறக்கவில்லை. திரும்ப விண்டோஸில், அந்தக் கோப்புகளின் ஐகனில் ஒரு சின்னப் பூட்டு. ‘சைஃபர்’ கட்டளை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘ஈ’ என்று காட்டியது. குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது அதற்குரிய டிஜிட்டல் திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாதபடி உள்ளடக்கமே மாற்றப்பட்டிருக்கிறது.

இது இஎஃப்எஸ், விண்டோஸ் 2000 இலிருந்து இருக்கிற வசதி. ஹோம் பதிப்புகளில் கிடையாது, புரொபெஷனலில் உண்டு. ஒரு போல்டரின் புரொப்பட்டீஸில் அட்வான்ஸ்ட் போய் ஒரு டிக் போட்டால் போதும், அதன் பிறகு அந்தக் கணக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, மற்ற எல்லாருக்கும் ‘அக்சஸ் டினைட்’. மகனைக் கேட்டபோது, உயர்தரம் படித்த காலத்தில் வீட்டுக்கு வந்து போகிற பெடியள் பார்க்கக் கூடாது என்று போட்டது, பிறகு மறந்தே போனது என்றார். திறப்பைப் பேக்கப் எடுக்கச் சொல்லி விண்டோஸ் அப்போது கேட்டிருக்கும், யாரும் எடுக்கவில்லை. காணி அனுமதிப்பத்திரம், மரணச் சான்றிதழ், வெளிநாட்டிலிருக்கிற பெரியப்பா அனுப்பிய கலியாணப் படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன.

மூன்றாவது தீர்மானம்: பாஸ்வேர்டைத் தொடாமல் பழைய விண்டோஸுக்குள் நுழைவது

இந்த வழக்கின் மிக முக்கியமான இடம் இது. இஎஃப்எஸ் திறப்பு மகனின் பயனர் போல்டருக்குள்ளேயே, ‘அப்டேட்டா’ என்ற மறைந்த போல்டருக்கு உள்ளே ஒளிந்து கிடக்கிறது. ஆனால் அந்தத் திறப்பே மகனின் விண்டோஸ் பாஸ்வேர்டால் மூடப்பட்டிருக்கிறது. யாராவது வெளியிலிருந்து பாஸ்வேர்டை அழித்தால் அல்லது வேறொரு அட்மின் கணக்கிலிருந்து புதிதாக வைத்தால், விண்டோஸ் திறக்கும், டெஸ்க்டொப் வரும், எல்லாம் சரி மாதிரி இருக்கும், ‘முக்கியம்’ மட்டும் திறக்காது. பழைய பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய ஏலாது. முன்பு ஒருவர் செய்து தருகிறேன் என்றது இதைத்தான். தாய் அன்றைக்கு வேண்டாம் என்றது எவ்வளவு பெரிய காரியம் என்று பிறகுதான் அந்த வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது.

ஆகவே திட்டம்: நகல் டிஸ்க்கை வேறொரு பழைய டெஸ்க்டொப்பில் போட்டு, அதே விண்டோஸ் 7 ஐ ஏற்றி, மகனாகவே, அவருடைய பாஸ்வேர்டோடு நுழைவது.

அதற்கு முன் மறுப்புப் பதிவை நகலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எவ்ரிவனுக்கு மறுப்பு என்பது சிஸ்டம் கணக்குக்கும் மறுப்பு, அப்படியே விட்டால் விண்டோஸால் மகனின் புரொபைலையே ஏற்ற முடியாது. இங்கே அனுமதிப் பட்டியலை மாற்றும் ஐகேக்ல்ஸ் கட்டளையைப் பாவித்தேன். முதலில் ‘சேவ்’ தெரிவால் இருக்கிற பட்டியல் முழுவதையும் ஒரு கோப்பில் எழுதி வைத்தேன், பிழைத்தால் ‘ரெஸ்டோர்’ பண்ணலாம். பிறகு எவ்ரிவனின் மறுப்புப் பதிவை மட்டும் நீக்கினேன். மகனின் பழைய எஸ்ஐடிக்கான அனுமதி பட்டியலில் அப்படியே இருந்தது நல்லகாலம். மாமாவின் மகன் சேர்த்தாரே தவிர எதையும் அழிக்கவில்லை. மேல் போல்டரில் எடுத்ததும் கீழேயும் போனது, எழுத்து அறுந்த சில இடங்களில் மட்டும் உரிமையை எடுத்துத் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

கிளிநொச்சியில் தெரிந்த ஒருவரிடம் அதே காலத்து டெஸ்க்டொப் ஒன்று இருந்தது. நகலைப் போட்டு ஏற்றியதும் நீலத்திரை, முடிவில் 7பி என்ற எண், அதாவது விண்டோஸால் தன் டிஸ்க்கை எட்ட முடியவில்லை. டிஸ்க்கோடு பேசும் முறை பழைய மதர்போர்டில் ஐடிஇ, இதில் ஏஎச்சிஐ. பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில்) ஐடிஇக்கு மாற்றியதும் விண்டோஸ் எழும்பியது. விண்டோஸ் உண்மையானதல்ல என்று ஒரு எச்சரிக்கை வந்தது, எங்கள் வேலைக்கு அது தடை இல்லை.

பாஸ்வேர்டுக்கு மகனை வாட்ஸ்அப்பில் பிடித்தோம். கட்டார் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், அவர் வேலை முடிந்து வர இங்கே நன்றாக இருட்டிவிட்டது. “அண்ணை, இரண்டில ஒண்டாத்தான் இருக்கும்” என்று இரண்டு சொன்னார். முதலாவது பிழை. இரண்டாவது நுழைந்தது. ‘முக்கியம்’ திறந்தது, மரணச் சான்றிதழ் முதல் கலியாணப் படங்கள் வரை எல்லாம் இருந்தன. உடனே போல்டரின் குறியாக்க டிக்கை எடுத்து, அதற்குள் இருந்த அத்தனையையும் வெளி டிஸ்க்குக்குப் படி எடுத்தோம். திறப்பையும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்தோம், மூல டிஸ்க்கில் இன்னும் பூட்டு இருக்கிறதல்லவா, என்றைக்காவது தேவைப்படலாம்.

பின்னர் நடந்தது

லப்டொப்பில் படிகளைப் போட்ட அன்றே மகளிடமிருந்து அழைப்பு. சங்கத்தின் கூட்ட அறிக்கைகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருகின்றன, அவையும் குறியாக்கம் ஆகிவிட்டன என்று பயந்துபோயிருந்தார். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை, லப்டொப்பில் பாமினி இல்லை. பழைய டிஸ்க்கின் ‘ஃபொன்ட்ஸ்’ போல்டரிலிருந்தே அதை எடுத்துப் போட்டதும் தமிழ் வந்தது. அனுமதியோடு இதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் வடக்கில் பழைய கணினியிலிருந்து கோப்பு எடுக்கிற யாருக்கும் இந்தப் பயம் வரும், அதனால் எழுதுகிறேன்.

படங்கள் இப்போது யாருடைய பயனர் போல்டருக்குள்ளும் இல்லை. லப்டொப்பில் தனியாக ஒரு போல்டர், வெளி டிஸ்க்கில் ஒரு படி, மகனின் கூகுள் டிரைவில் ஒரு படி. வெளி டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிக் கொடுத்தேன். அந்த முறையில் உரிமையாளரும் இல்லை, அனுமதிப் பட்டியலும் இல்லை, எந்தக் கணினியில் குத்தினாலும் திறக்கும். அதே காரணத்தால் தொலைந்தால் எடுத்தவர் எல்லாரும் பார்க்கலாம், அதைத் தாயிடம் சொன்னேன். வீட்டுக்குள் இருக்கிற சாமான்தானே, திறக்காமல் நிற்பதைவிட இது பரவாயில்லை என்றார்.

மாமாவின் மகனையும் கூப்பிட்டு அந்த இரண்டு நிரல்களையும் காட்டினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் விதம் யாரையும் பிழைக்க வைக்கும், வீடியோ போடுகிறவர்களோ ‘எவ்ரிவன், ஃபுல் கன்ட்ரோல்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்குவதில்லை. சி டிரைவ் முழுவதற்கும் அப்படிச் செய்யச் சொல்லுகிற வீடியோக்களும் இருக்கின்றன. அதைச் செய்தால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளைக் காக்கிற பட்டியலும் சேர்ந்து போகும், எந்த வைரஸும் எதையும் மாற்றலாம், அதைப் பழையபடி கொண்டுவருவதைவிட விண்டோஸைத் திரும்பப் போடுவது லேசு.

இனி மாற்ற வேண்டியவை

இப்படி ஒரு டிஸ்க் வந்தால் முதல் கேள்வியாக ‘யாராவது போல்டரைப் பூட்டினீர்களா, பழைய பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?’ என்று கேட்க வேண்டும். ‘சைஃபர்’ கட்டளையைப் படி எடுக்கும் முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்திருந்தால் வேலையின் வரிசை வேறாக இருந்திருக்கும், கட்டாருக்கு அழைப்பும் முதல் நாளே போயிருக்கும்.

வீட்டுக்காரருக்குச் சொன்னது: பழைய டிஸ்க்கைக் குத்தும்போது ‘கன்டினியூ’ கேட்டால் ‘கான்சல்’ கொடுங்கள். தவறி அமத்திவிட்டால் முடியும்வரை வயரைத் தொடாதீர்கள். பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதிக் காணிப் பத்திரத்தோடு வையுங்கள், வீட்டுக் கணினிக்கு அது பாதுகாப்புக் குறைவு இல்லை. கணினி திருத்துகிற யாராவது பாஸ்வேர்டை அழிக்கிறேன் என்றால், பூட்டிய போல்டர் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தபிறகு சம்மதியுங்கள். இடி முழங்கினால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், சுவிட்ச் போட்டு நிற்பாட்டினால் மட்டும் போதாது.

மீட்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. மின்னல் விழுந்த நேரம் திறந்திருந்த சங்கக் கடிதம். கோப்பு இருக்கிறது, பெயரும் அளவும் இருக்கின்றன, உள்ளே வெறும் பூச்சியங்கள். அதற்கு முந்திய வரைவு அச்சாகக் கிராம சேவகரிடம் இருந்தது, அதைப் பார்த்து மகள் திரும்பத் தட்டிக் கொடுத்துவிட்டார்.